அகப்பெயரும் புறப்பெயரும்: போலந்து இல்லச் சமையற்சொற்களில் வட்டார மொழி

முன்னுரை

ஓர் உணவு தான் பிறந்த வட்டாரத்தை விட்டு நீங்கும்போதே அவ்வட்டாரத்தின் பெயர் அதற்கு அடைமொழியாகச் சேர்கின்றது. பிறந்த இல்லத்தில் அவ்வடைமொழிக்குத் தேவை எழுவதில்லை. இல்லத்தார் வழங்கும் பெயரை அகப்பெயர் எனவும், பிறர் இட்டு வழங்கும் பெயரைப் புறப்பெயர் எனவும் இக்கட்டுரை குறிக்கின்றது. போலந்து நாட்டுக் குடும்பத்தார் அயல்நாட்டு நண்பருக்கு விருந்து படைக்கும்போது இவ்விரண்டனுள் எதனைச் சொல்லிப் பரிமாறுகின்றனர் என்பது அந்நாட்டு வட்டார மொழிகளின் நிலையோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

உருளைக்கிழங்கின் பெயர்கள்

போலிய மொழியின் பொதுவழக்கில் உருளைக்கிழங்கு 'ஜெம்னியாக்' எனப்படும். மண் என்னும் பொருள்தரும் 'ஜெமியா' என்பதன் அடியாகப் பிறந்த சொல் இது. மேற்கே போஸ்னான் நகரைச் சூழ்ந்த பகுதியில் அது 'பிரா' ஆகின்றது. தெற்கே போட்ஹாலே மலைநாட்டார் 'குரூலா' என்பர். வடக்கே கசூபியர் 'புல்வா' என்பர். சைலீசியர் செர்மானியச் சொல்லைத் தழுவிக் 'கர்டோஃபெல்' என்பர். வேகவைத்த கிழங்கோடு வெங்காயம் கலந்த பாலாடைக்கட்டியைச் சேர்த்துண்ணும் போஸ்னான் உணவு 'பிரி ஸ் கிசிக்கியெம்' எனப்படும். இத்தொடரில் 'பிரி' இருக்குமிடத்தில் பொதுவழக்குச் சொல்லை அமைத்தால் பொருள் மாறாது. ஆனால் அவ்வுணவைப் போஸ்னான் மக்கள் தமதென்று ஏற்கமாட்டார்கள். அப்பகுதியினரையே பிறர் 'பிரி' என்று கேலியாக அழைப்பதுண்டு. அவர்களும் அப்பெயரை உவந்து ஏற்றுக்கொண்டனர்.

'ருஸ்கியே' என்னும் அடைமொழி

உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம் ஆகியவற்றைப் பூரணமாக வைத்து மாவில் மடித்து வேகவைக்கும் கொழுக்கட்டை 'பியெரோகி ருஸ்கியே' எனப்படும். அயல்நாட்டார் இதனை 'ருஷ்யக் கொழுக்கட்டை' என்று பொருள்கொள்வது பெருவழக்கு. இது பிழையாகும். இங்குக் குறிக்கப்படுவது ரூஷ் என்னும் பழைய நிலப்பகுதி. அதன் பெரும்பகுதி இன்று உக்ரேனில் உள்ளது. 1945க்குப் பின் எல்லைகள் மாற, லுவூவ் முதலிய கிழக்குப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் விரோட்ஸ்வாஃப் உள்ளிட்ட மேற்குப் பகுதிகளில் குடியமர்ந்தன. அவர்களோடு இவ்வுணவும் பரவியது. அவர்களுக்கு அது வெறும் 'பியெரோகி'யே. 2022இல் உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்தபின் உணவகங்கள் சில 'உக்ரேனியக் கொழுக்கட்டை' என்று பெயரை மாற்றின. உணர்வு நோக்கி அச்செயல் விளங்கத்தக்கதே. எனினும் சொல்லாய்வு நோக்கில், ஒரு புறப்பெயரை நீக்கி மற்றொரு புறப்பெயரை இட்டதாகவே அது அமைகின்றது.

சைலீசியரின் ஞாயிற்றுக்கிழமை உணவு

அகமும் புறமும் மிகத் தெளிவாகப் பிரிந்து நிற்பது சைலீசியாவில்தான். கடுகுச்சாந்து தடவி, பன்றிக்கொழுப்பும் ஊறவைத்த வெள்ளரியும் வைத்துச் சுருட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு உருண்டை, முட்டைக்கோசு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அங்கு ஞாயிறு நண்பகல் உணவு. உருண்டைக்கு நிறைகோல் வேண்டுவதில்லை. வேகவைத்து மசித்த கிழங்கைப் பாத்திரத்தில் சமன்செய்து, நான்கு கூறாக வகுத்து, ஒரு கூற்றை எடுத்துவிட்டு, அவ்வெற்றிடத்தைக் கிழங்குமாவால் நிரப்புவர். எடுத்த கூற்றையும் மீளச்சேர்த்து முட்டையிட்டுப் பிசைவர். உருட்டியபின் கட்டைவிரலால் இடும் குழியில் இறைச்சிச்சாறு தங்கும்.

நாடெங்கும் இதன் பெயர் 'க்லுஸ்கி ஷ்லோன்ஸ்கியே', அதாவது சைலீசிய உருண்டை. சைலீசியர் இல்லத்தில் இது 'குமிக்லிஸி'. இரப்பரைக் குறிக்கும் 'குமி'யும் செர்மானிய வழிவந்த 'க்லிஸி'யும் சேர்ந்த சொல் அது. உருண்டையின் இழுவைத்தன்மையை நகைச்சுவையோடு உணர்த்துவது. முட்டைக்கோசு நிலையோ இன்னும் வியப்புக்குரியது. பொதுவழக்கு அதனைச் 'செர்வோனா கபுஸ்தா' (சிவப்பு முட்டைக்கோசு) என்கின்றது. சைலீசியர் 'மோட்ரோ கபுஸ்தா' (நீல முட்டைக்கோசு) என்கின்றனர். காய் ஒன்றே. புளிப்புச் சேரின் அது சிவக்கும். இன்றேல் நீலச்சாயல் பெறும். நீலத்தைக் குறிக்கும் 'மோட்ரி' என்னும் சொல் பொதுமொழியில் செய்யுள் வழக்காக ஒதுங்கிவிட்டது. சைலீசிய அடுக்களையிலோ அன்றாடச் சொல்லாக வழங்குகின்றது. விருந்தினருக்கு எளிதாகட்டும் என்று 'சிவப்பு' எனப் பெயர்த்துரைக்கும் இல்லத்தார் அவ்வழக்கை அவரிடமிருந்து மறைத்துவிடுகின்றனர்.

மொழியின் சட்டநிலை

2005ஆம் ஆண்டுச் சட்டம் கசூபிய மொழியை வட்டார மொழியாக ஏற்றது. அத்தகுதி வேறெம்மொழிக்கும் வழங்கப்படவில்லை. 2021 கணக்கெடுப்பில் இல்லத்தில் கசூபியம் பேசுவோராகப் பதிந்தோர் 90,000க்கும் குறைவு. சைலீசியம் பேசுவோராகப் பதிந்தோர் 4.5 இலட்சத்துக்கும் மிகுதி. சைலீசியத்துக்கும் அத்தகுதி வழங்க 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டவரைவை, அது போலியத்தின் கிளைமொழியே என்னும் கருத்தை முன்வைத்துக் குடியரசுத் தலைவர் அவ்வாண்டு மே மாதம் தடுத்தார். வட்டார மொழித் தகுதி பெற்றால் பள்ளியில் அம்மொழியைக் கற்பிக்க அரசு நிதி கிட்டும். அது கிட்டாத நிலையில், 'குமிக்லிஸி', 'மோட்ரோ' போன்ற சொற்களைச் சைலீசியக் குழந்தைகள் கற்குமிடம் பெரும்பாலும் பாட்டியின் அடுக்களையே.