முதல் குதிரை: அழகைப் பார்க்காதீங்க, பழக்கத்தைப் பாருங்க

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போய்வரும் நம்ம பக்கத்து விவசாயிகள் பலர், "குதிரை ஒண்ணு வாங்கலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். லத்தி மட்கினால் நல்ல உரம், சின்ன வண்டிக்கும் ஆகும், பேரப்பிள்ளைகளுக்கும் ஆசை. வாங்கலாம். ஆனால் நான் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது.

வங்கியில் இருந்தவரை, மாட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் பல் என்ன, பால் என்ன என்று துருவித் துருவிக் கேட்டவன் நான். ஓய்வுபெற்று திருச்செங்கோடு பக்கம் விவசாயத்துக்கு வந்தபின், சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. 3 வயசு ஆண் குதிரை. காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. மார்வாரி என்றார் தரகர், சுழி சுத்தம் என்றார். அரை மணி நேரத்தில் பணம் கைமாறியது. மூன்றாம் வாரம் கடிவாளம் மாட்டப் போனேன். உதைத்ததில் விலா எலும்பு இரண்டு முறிந்தது. பேரன் நாலடி தள்ளி நின்றிருந்தான். அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

குதிரை மேல் தப்பில்லீங்க. அதற்கும் பழக்கமில்லை, எனக்கும் பழக்கமில்லை. இரண்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே புதியவருக்குப் பழகிய குதிரைதான்.

வயது: முன்பற்களில் நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறைந்துவிடும். மேல் ஓரப்பல்லில் ஈறோரம் பள்ளக்கோடு தெரிய ஆரம்பித்தால் சுமார் 10 வயது. நல்ல பராமரிப்பில் 25 வயது வரை இருக்கும் என்பதால், 8 முதல் 14 வயதுக் குதிரையைக் கிழம் என்று ஒதுக்காதீங்க. பெட்டையோ, காயடித்த ஆணோ போதும்.

கால்: சுழி பார்ப்பவர்கள் பாருங்க. ஆனால் நடக்கப்போவது கால்தான். குளம்பில் வெடிப்பு இருக்கிறதா, நான்கு காலையும் தூக்கவிடுகிறதா என்று பாருங்க. கெட்டித் தரையில் நேராக ஓட்டச் சொல்லுங்க. முன்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும்.

குணம்: சந்தையில் பார்த்துப் பேசலாம், முடிவை அவர் தொழுவத்தில் எடுங்க. சொல்லாமல் இன்னொரு நாளும் போங்க. உடையவரே கடிவாளம் மாட்டி, ஏறி ஓட்டிக் காட்டட்டும். அதன்பிறகு உங்கள் கையால் மாட்டிப் பாருங்க.

மருத்துவர்: பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை அவசியம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. குதிரை வாங்கினால் தனுர்வாதத் தடுப்பூசியும் விடக்கூடாது.

உங்கள் தோட்டம்: 300 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினம் சுமார் 6 கிலோ காய்ந்த புல், 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேணும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. நம்ம ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்காகச் சேர்க்கும் மொனன்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரைக்கு விஷம். மொனன்சின் இதயத்தையே கெடுத்துவிடும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டையைக் குதிரைக்கு எட்டாமல் பூட்டி வையுங்க.

வெள்ளைக் குதிரையைப் பாதி விலைக்கு, குதிரை பழக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவரிடம் அது நல்லபடியாக இருக்கிறது. இப்போது என்னிடம் இருப்பது 12 வயசுப் பழுப்புப் பெட்டை. பார்க்க ஒன்றும் அழகில்லை. பேரன் தண்ணீர் காட்டினால் தலையைக் குனிந்து நிற்கும்.

வாங்கும் ஆசை வந்துவிட்டதா? முதலில் குதிரை வைத்திருப்பவரிடம் ஒரு மாதம் போய் லத்தி அள்ளுங்க. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்க.