பால்வெட்டும் ஆடவரும் தோல் நலமும்

தோலைப் பேணுதல் பெண்டிர்க்கே உரியதென்றும், ஆடவர் முகத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டால் போதுமென்றும் நம்மிடையே ஓர் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அலங்காரத்தைப் பற்றிய பேச்சாயின் அவ்வெண்ணத்தோடு நமக்கு வழக்கில்லை. ஆனால், சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் பால்மரக் காட்டில் உழைக்கும் ஒருவருக்குத் தோலும் ஒரு தொழிற்கருவியே ஆகும். உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கால் விரலிடுக்கில் புண் கண்டுவிட்டாலோ காட்டுக்கு நடப்பதே பெருந்துன்பமாகிவிடும்.

பால் நன்கு வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். எனவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே வேலை தொடங்குகின்றது. பனியில் நனைந்த புல், வியர்வையில் ஊறிய காலுறை, கையில் வழியும் பால், ஸ்டோரில் அம்மோனியாவும் அமிலமும் என்று நண்பகல் வரையில் தோலுக்கு ஓய்வே இல்லை. நலமுள்ள தோலின் மேற்பரப்பு சிறிதளவு புளிப்புத் தன்மையும் எண்ணெய்ப் பசையும் கொண்டு கிருமிகளைத் தடுத்து நிற்கின்றது. நெடுநேரம் ஈரத்தில் ஊறினால் அந்த அரண் நொய்ந்து வெடிக்கின்றது. சேற்றுப்புண் தோன்றுவது அவ்வெடிப்பின் வழியாகத்தான்.

ஆகையால், வீடு திரும்பியதும் முதலில் கவனிக்க வேண்டியது முகத்தையன்று, காலையே. சவர்க்காரமிட்டுக் கழுவியபின், ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துண்டால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். பலர் கழுவுகின்றனர், துடைப்பவர் சிலரே. நனைந்த பூட்சைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றாட விடுங்கள். காலுறை இரண்டு மூன்று இணையேனும் இருந்தால், துவைத்துக் காய்ந்ததை நாள்தோறும் மாற்றி அணியலாம். ஜொகூரில் ஆண்டிறுதியில் பருவமழை தொடங்கிவிட்டால் துணி உலர்வதே அரிது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்த வெள்ளத்தை மறந்தவர் இரார். அத்தகைய நாள்களில் தேங்கிய நீரில் இறங்குமுன், காலிலுள்ள கீறல்களை நீர் புகாத கட்டால் மூடிக்கொள்வது இன்றியமையாததாகும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அக்கீறல்களின் வழியே உடலுட் புகக்கூடும். இந்நோயை மருத்துவர்கள் கட்டாயமாக அறிவிக்க வேண்டுமென 2010-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆணையிட்டது.

நீரிழிவு உடையவர் இதில் இருமடங்கு கருத்தாக இருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்கு நீரிழிவு உள்ளதெனக் கண்டது. இந்தியரிடையே அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 31 ஆகும். நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குன்றுகையில், முள் தைத்ததும் தெரியாது, புண் புரையோடுவதும் தெரியாது. காலை வெட்டி நீக்கும் நிலைக்கு ஆளானோர் பலரது துன்பம் இத்தகைய சிறு வெடிப்பிலிருந்தே தொடங்கியதாகும். இரவில் விளக்கொளியில் உள்ளங்காலைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது மனைவி மக்களைப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்து, தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகப் படரும் படர்தாமரை. இதனை வெளியிற் சொல்ல ஆடவர் கூசுகின்றனர். கூச்சத்தால் கடைக்குச் சென்று, நண்பர் பூசிய களிம்பையே தாமும் வாங்கிப் பூசுகின்றனர். அக்களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்துள்ளது. பூசிய இரண்டு மூன்று நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும். ‘ஆகா, கைகண்ட மருந்து’ என்று மகிழ்வோம். உண்மையில் அடங்கியது தோலின் எதிர்ப்பேயன்றி, நோயை உண்டாக்கிய பூஞ்சை அன்று. அது தடையின்றி உள்ளே பரவுகின்றது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் விரிந்து தோன்றும். தோலும் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். இந்தியாவில் இத்தகைய களிம்புகளால் எளிதில் தீராத படர்தாமரை பெருகியதையடுத்து, 2018-ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அந்நாட்டரசு விதித்தது.

படர்தாமரைக்கு உரிய மருந்து குளோட்ரிமசோல், டெர்பினாபின் போன்ற பூஞ்சைக் கொல்லியாகும். வட்டத்தின் விளிம்புக்கு வெளியேயும் இரண்டு விரலகலம் பூசி, தோல் தெளிந்தபின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாது தொடர வேண்டும். இடையில் நிறுத்துவதே பலர் செய்யும் தவறு. உள்ளாடையையும் துண்டையும் பிறருடன் பகிர்தல் கூடாது. அரிப்பு இரவில் மிகுந்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு கொப்புளம் காணுமாயின் அது பெரும்பாலும் சிரங்கு. சிரங்குக்கு வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டாலன்றிப் பயனில்லை.

பாலும் அமிலமும் பற்றிச் சில சொற்கள். கை மயிரில் ஒட்டி உலர்ந்த பாலை நீக்கப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ தேய்ப்பது தீய வழக்கம். அவை ரப்பரோடு தோலின் எண்ணெயையும் கரைத்துவிடும். தேங்காயெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்துத் தேய்த்தால் ஒட்டு இளகும். பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம், இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் செவ்வெறும்பு பீய்ச்சுகின்ற அதே அமிலந்தான். ஆயின் பீப்பாயில் உள்ளது எறும்பின் துளியன்று. தோலையும் கண்ணையும் பொசுக்கவல்லது. கலக்கும்போது அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கலக்க வேண்டும். மேலே பட்டுவிட்டால் நனைந்த சட்டையை உடனே களைந்து, ஓடும் நீரில் 20 நிமிடமேனும் கழுவுங்கள். சுண்ணாம்பு, பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டா. களைக்கொல்லி தெளிப்பவர் அவ்வுடையோடு வீட்டுக்குள் நுழையலாகாது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டதெனினும் பிற மருந்துகளும் தோலுக்குத் தீங்கற்றவை அல்ல.

முகத்துக்கு வேண்டுவது மிகச் சிறிதே. குளித்தபின் மயிர் இளகியிருக்கையில், அது வளரும் திசையிலேயே மழித்துக்கொள்வது நன்று. சவரக்கத்தியை அண்ணன் தம்பியிடையிலும் பகிரலாகாது. இரத்தத்தின்வழி ஈரல் அழற்சி தொற்றக்கூடும். மறுநடவுக் காட்டில் வெயிலில் நிற்போர்க்கு அகன்ற தொப்பியும் நீள்கைச் சட்டையுமே சிறந்த காப்பு. விரைவில் வெளுப்பாக்குவதாகக் கூறும் களிம்புகளை இளைஞர்கள் இப்பொழுது நாடுகின்றனர். அவற்றுட் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் உண்டு. வெயிலில் உழைத்துக் கருத்த முகத்தில் நோய் எதுவும் இல்லை!

வெளிறிய தேமல் ஒன்று தோன்றி, அவ்விடத்தில் தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி தெரியவில்லையெனில் தாமதியாமல் மருத்துவரைக் காணுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். மாத்திரைகளால் முற்றும் குணமாகும் நோயே அது. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். வீட்டில் பூசிவந்த களிம்பின் குழாயையும் கையோடு கொண்டுசென்று காட்டுங்கள்.

வேலையால் வந்த தோல் நோய்க்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டென்பதைப் பலர் அறியார். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தோல் நோய்களும் இடம்பெற்றுள்ளன. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் இச்சட்டத்தின் கீழ் வருகின்றனர். மருத்துவரிடம் செல்லும்போது, எந்த அமிலத்தை அல்லது மருந்தை எத்தனை காலமாகக் கையாள்கின்றீர் என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். அச்சீட்டின் ஒரு படியைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.