பஞ்சம் எழுப்பிய மலைக்கூடம்

பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டிய வேளையில் தூறல் விழுந்தால் என்ன நஷ்டம் என்பதையும், களத்தில் ஜவ்வரிசி காயும்போது மேகம் திரண்டால் நெஞ்சு எவ்வாறு பதைக்கும் என்பதையும் நமது அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழை அடியோடு பொய்த்தால் நேரும் நஷ்டமோ இவற்றினும் பெரிது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லாவும் சிக்கியது. தானியம் விளையாத ஊரில் துணி வாங்குவார் ஏது? உழவர் வீட்டு அடுப்பு அணைந்தால் தறியும் நின்றுவிடும். தென்னிந்தியாவில் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுவர்.

கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் எழுந்ததற்குப் பஞ்சமும் ஒரு காரணம் என்பது பலர் அறியாத செய்தி. சூரியனிலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவற்றுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே என்று அக்காலத்து விஞ்ஞானிகள் சிலர் நம்பினர். 1882இல் சென்னை அரசாங்க வானாராய்ச்சியாளர் நார்மன் போக்சன், தென்னிந்திய மலையொன்றில் அதற்கான தொலைநோக்கி வேண்டும் என்று கோரினார். 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கொடைக்கானலுக்கு இசைந்தது. 1899 ஏப்ரல் 1ஆம் தேதி கூடம் பிறந்தது.

மலை எதற்கு? கூடம் இருப்பது 2,343 மீட்டர் உயரத்தில். ஏற்காட்டைவிட அது வெகு உயரம். தூசியும் ஊர்ப்புகையும் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும். வளிமண்டலத்துக் காற்றில் ஏறக்குறையக் கால் பங்கும் காலடிக்குக் கீழே போய்விடும்.

நம்பிய பயன் கிட்டவில்லை. கரும்புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்ல இன்றளவும் இயலவில்லை. ஆயினும் அளப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். 1957இல் உலக நாடுகள் கூடி நடத்திய சர்வதேச பூபௌதிக ஆண்டை ஒட்டி, அங்கே டாப்சன் கருவியால் ஓசோனை அளக்கத் தொடங்கினர். சூரியனின் புறஊதாக் கதிர்களில் இரண்டை ஒப்பிட்டு, நடுவில் எவ்வளவு ஓசோன் மறித்தது என்று காண்பது அதன் வேலை. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக் காற்றழுத்தத்தில் பரப்பினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனமே தேறும்! அண்டார்டிகாவில் அந்த மெல்லிய போர்வை கிழிந்திருப்பது 1985இல் வெளியானதும் இதே வகைக் கருவியின் பல ஆண்டுக் கணக்கால்தான்.

ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமீது 1958இல் சார்லஸ் கீலிங் தொடங்கிய கணக்கும் இத்தகையதே. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. இதனால் காற்று சூடேறுகிறது. ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு இடமுண்டு. அதன் பொருளை மரவள்ளிக்காட்டில் நீர் தேங்கக் கண்டவர் அறிவர்.

சமவெளியிலும் அளக்கலாம். நமது சங்கங்களின் முற்றத்தில் ஒரு மழைமானி வைக்கப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். வானிலை இலாகாவினர் செய்வதுபோல் தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் எழுதத் தவறலாகாது. அருகில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும்.