கடலின்மேல் ஒரு தலைநகரம்

1961-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, ஜப்பானிய மக்கள் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யில் கென்சோ டாங்கே என்னும் கட்டடக் கலைஞர் தோன்றி, டோக்கியோ மாநகரம் இனியும் நிலத்தில் நாலாபக்கமும் சிதறிப் பெருக வேண்டியதில்லை என்றும், வளைகுடாவின் நீர்ப்பரப்பைக் கடந்து எதிர்க்கரைவரை நேராக நீண்டு வளரலாம் என்றும் தம் திட்டத்தை நாட்டாருக்கு விளக்கிச் சொன்னார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்தருகே சமாதான நினைவுக் கட்டடங்களை நிர்மாணித்துப் புகழ் பெற்றிருந்தவர் அவர். டோக்கியோ சர்வகலாசாலையில் ஆசிரியராகவும் இருந்தவர். ஒரு நகரத்தின் வருங்காலத்தைப் பற்றிய வரைபடத்தை அதிகாரிகளின் மேஜையோடு நிறுத்திவிடாமல், அந்நகரில் வாழ்கின்றவர்களின் வீட்டுக் கூடத்திற்கே கொண்டு சென்ற அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

அத்தகைய கற்பனைக்குத் தேவை இல்லாமலில்லை. 1945 மார்ச் 9-ஆம் தேதி இரவும் மறுநாள் விடியலுமாக நடந்த ஒரே விமானத் தாக்குதலில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் மாண்டு, டோக்கியோவின் கிழக்குப் பகுதி சாம்பலாகிப் போயிற்று. யுத்தம் முடிந்த ஆண்டில் சுமார் 35 லட்சமாகச் சுருங்கிக் கிடந்த ஜனத்தொகை 1962-ல் 1 கோடியைத் தாண்டிவிட்டது. அகன்ற வீதிகளும் பசுமைப் பிரதேசங்களுமாக நகரைப் புதிதாக அமைக்க உத்தியோக முறையில் தீட்டப்பட்ட திட்டம் பணமின்றிப் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட, எரிந்துபோன வீடு இருந்த அதே சிறு மனையில் அவரவரும் கிடைத்த பலகையைக் கொண்டு மறுபடியும் வீடு கட்டிக்கொண்டார்கள்.

டாங்கேயும், அராட்டா இசோசாகி, கிஷோ குரோகாவா முதலிய அவருடைய இளம் சகாக்களும் கண்ட குறை, நகரத்தின் அடிப்படை வடிவத்திலேயே இருந்தது. ஒரே மையத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக விரிந்து, எல்லாப் பாதைகளும் அம்மையத்திலேயே வந்து முட்டிக்கொள்ளும் அமைப்பு, சில லட்சம் பேர் கால்நடையாகச் சஞ்சரித்த பழைய நகரங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். நாள்தோறும் லட்சக்கணக்கானோர் காலையில் உள்ளே வந்து மாலையில் வெளியேறும் ஒரு கோடி பேரின் நகரத்தை அது மூச்சுத் திணற வைத்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். ஆகவே மையம் என்பதையே கைவிட்டு, முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலைப் போல ஒரு நீண்ட அச்சை வகுத்தார்கள். பழைய நகரத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு, வளைகுடாவின்மீது பாலம்போல் நீண்டு, எதிரேயுள்ள சிபா மாகாணத்தைத் தொடும் அவ்வச்சு, ஒன்றோடொன்று கோத்த சங்கிலி வளையங்களைப் போன்ற நெடுஞ்சாலைகளால் ஆனது. வளையங்களுக்கு நடுவே அரசாங்க அலுவலகங்களும் வர்த்தக ஸ்தாபனங்களும் உயர்ந்த தூண்களின்மேல் நிற்கும். அச்சின் இருபுறமும் கிளைக்கும் சாலைகளின் ஓரத்தில், பழைய ஜப்பானியக் கோயில்களின் சரிந்த கூரையை நினைவூட்டும் பிரம்மாண்டமான குடியிருப்புகள் நீரின்மேல் எழும்பி நிற்கும். வளைகுடாவின்மேல் மட்டும் 50 லட்சம் பேர் வாழ்வார்கள் என்பது கணக்கு.

ஏன் கடல்? ஜப்பானில் நிலம் போதவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பாதி உண்மைதான். போருக்குப் பின் வந்த நிலச் சீர்திருத்தமும் நகரத்துச் சிறுமனைச் சொத்துரிமையும் சேர்ந்து, டோக்கியோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் எண்ணற்ற சிறு உடைமையாளர்களின் கையில் துண்டு துண்டாக வைத்திருந்தன. ஒரு சாலையை நேராக்க வேண்டுமென்றால்கூட எத்தனையோ குடும்பங்களின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். கடலுக்கோ பட்டா இல்லை. அந்நாளைய ஜப்பானியக் கனவுகள் யாவும் நீரின்மேலும் ஆகாயத்திலும் சென்று குடியேறியதற்குக் கட்டடக் கலைஞரின் துணிச்சல் எவ்வளவு காரணமோ, கீழே இருந்த மனிதர்களோடு பேசி முடிக்க முடியாத நிலைமையும் அவ்வளவு காரணம் என்றே நான் கருதுகிறேன். வளைகுடாவில் பரம்பரையாகப் பாசி வளர்த்தும் மீன் பிடித்தும் வந்த குடும்பங்களை இந்தப் படங்கள் காட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இத்திட்டம் வெளிவருவதற்குச் சற்று முன்னர், 1960 மே மாதத்தில், டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு கூடிற்று. அதையொட்டி, முப்பதை ஒட்டிய வயதுடைய சில கட்டடக் கலைஞர்களும் நோபோரு கவாசோயே என்னும் விமர்சகரும் சேர்ந்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார்கள். உயிருள்ள உடலில் உயிரணுக்கள் இறந்தும் பிறந்தும் உடல் நிலைத்திருப்பதைப் போல, நகரத்திலும் நீடித்து நிற்கும் சட்டகம் ஒன்றும், காலத்திற்கேற்பக் கழற்றி மாற்றக்கூடிய உறுப்புகள் பலவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம். உடலின் இந்த வளர்சிதை மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டே அவர்களுக்கு ‘மெட்டபாலிஸ்டுகள்’ என்று பெயர் வந்தது. நாசமாகும் நகரத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. கட்டடம் என்றென்றும் நிற்கும் என்று நம்ப அவர்களால் இயலவில்லை. அவர்களுள் ஒருவரான குரோகாவாவுக்குச் சொந்தப் பிரதேசமான இசே வளைகுடாப் பகுதியில் 1959-ல் வீசிய புயல் 5,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொள்ள, வயல்களைத் தொடாமல் தரைக்கு மேலே தூண்களின்மீது உயர்ந்து நிற்கும் ஒரு விவசாய நகரத்தை அவர் வரைந்து காட்டினார்.

அவர்களுக்கு முன்மாதிரியாக விளங்கிய இடம் ஒன்று உண்டு. இசே என்னும் க்ஷேத்திரத்தில் உள்ள ஷிண்டோ சன்னிதி, 7-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அதே வடிவத்தில் புதிதாகக் கட்டப்பட்டு, பழையது அகற்றப்பட்டுவருகிறது. உள்நாட்டு யுத்தங்கள் மலிந்த காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டதுகூட மீண்டும் தொடர்ந்து, கடைசியாக 2013-ல் நடைபெற்றது. அழிவதனாலேயே நிலைத்திருப்பது என்னும் தத்துவத்தை மெட்டபாலிஸ்டுகள் அங்கிருந்தே கற்றார்கள். ஆனால் இசேயில் அவர்கள் கண்ட மரமும் கூரையும் அவ்வற்புதத்தின் ஒரு பாகமே. நூற்றாண்டுகளுக்கு முன்னதாகவே மரம் நட்டுக் காக்கப்படும் வனமும், ஒரு புனர்நிர்மாணத்தில் எடுபிடியாகவும் அடுத்ததில் தச்சனாகவும் அதற்கடுத்ததில் மேஸ்திரியாகவும் நின்று கைத்திறனை இளையவனுக்கு ஒப்படைக்கும் பரம்பரையும், செலவுக்கு நிதி திரட்டும் ஏற்பாடும், குறித்த ஆண்டில் இதைச் செய்தே தீரவேண்டும் என்ற கடமையுணர்வும் அங்கே இருக்கின்றன.

கட்டடத்தின் வடிவத்துக்கும் அதைத் தொடர்ந்து புதுப்பிக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள இந்த வேற்றுமை எவ்வளவு பெரியது என்பதை டோக்கியோவின் ஷிம்பாஷிப் பகுதியில் குரோகாவா கட்டிய நகாகின் கூட்டறைக் கோபுரத்தின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது. 1972-ல் பூர்த்தியான அக்கட்டடம் 11 மாடியும் 13 மாடியுமாக உயர்ந்த இரண்டு கான்கிரீட் தண்டுகளையும், அவற்றின்மீது நான்கே போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட 140 அறைகளையும் கொண்டது. ஒவ்வோர் அறையும் சுமார் 10 சதுர மீட்டர் விஸ்தீரணம். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பாரந்தூக்கியால் ஏற்றி மாட்டப்பட்ட எஃகுப் பெட்டி. அதற்குள் கட்டிலும், மடிக்கும் மேஜையும், தொலைக்காட்சியும், ஒலிநாடாக் கருவியும், குளியலறையும், நகரத்தைப் பார்க்க ஒரு பெரிய வட்ட ஜன்னலும் இருந்தன. தூரத்தில் வீடு வைத்துக்கொண்டு நகரின் நடுவில் வேலை பார்க்கும் தனி மனிதருக்கு இது வாரநாள் இல்லம். 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுவது உத்தேசம்.

ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. யந்திர ரீதியான காரணம், அடுத்தடுத்து நெருங்கி நின்ற பெட்டிகளில் கீழே உள்ளதைக் கழற்ற மேலே உள்ளவற்றை முதலில் கழற்றியாக வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம், பெட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்தன. ஒருவருக்குப் புதுப்பிக்கப் பணமுண்டு, மற்றவருக்கு இல்லை. ஒருவர் அதில் வாழ்கிறார், மற்றவர் மனையின் விலை ஏறுவதற்காகக் காத்திருக்கிறார். நான்கு போல்ட்டுகளைத் திருகுவதற்கு முன்னால் இத்தனை மனங்களையும் ஒருமுகப்படுத்த வேண்டுமே, அதற்கு எந்த ஏற்பாடும் வரைபடத்தில் இல்லை. 2007-ல் உடைமையாளர்கள் கட்டடத்தை இடித்துவிட வாக்களித்தார்கள். பெட்டிகளை மாற்றினால் போதுமென்று மன்றாடிய குரோகாவா, அதே ஆண்டில் டோக்கியோ ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்று, அக்டோபரில் காலமானார். பொருளாதார நெருக்கடியால் தள்ளிப்போன இடிப்பு வேலை 2022 ஏப்ரலில் ஆரம்பித்தது. அபிமானிகளின் முயற்சியால் 23 பெட்டிகள் காப்பாற்றப்பட்டுச் சில அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

இதற்கு நேர்மாறான உதாரணமும் மெட்டபாலிஸ்டுகளின் கூட்டத்திலேயே இருக்கிறது. கியோனோரி கிகுடாகே 1958-ல் தமக்கும் தம் மனைவிக்குமாகக் கட்டிக்கொண்ட ‘ஆகாய வீடு’, நான்கு சுவர்த் தூண்களின்மேல் தூக்கி நிறுத்திய ஒரே பெரிய அறை. சமையற்கட்டும் குளியலறையும் இடம் மாற்றக்கூடிய பெட்டகங்கள். குழந்தைகள் பிறந்ததும் தளத்தின் அடியில் ஓர் அறையைத் தொங்கவிட்டார். அது வேண்டாமற் போனபோது எடுத்துவிட்டார். சித்தாந்தம் இங்கே சொன்னபடியே நடந்தது. ஏனென்றால் வரைந்தவரும் உடையவரும் வசித்தவரும் ஒருவரே.

மெட்டபாலிஸ்டுகளின் 1960 பிரசுரத்தில் பங்குகொண்ட ஃபுமிஹிகோ மாக்கிக்கு இராட்சசச் சட்டகங்களில் நம்பிக்கை அதிகமில்லை. தேசாந்தரம் சென்று பழைய குடியிருப்புகளைக் கண்டு வந்த அவர், வீட்டோடு வீடு சேர்ந்து, ஒன்றையொன்று பார்த்து வளர்ந்து, மேலிருந்து எவரும் கட்டளையிடாமலே ஓர் ஒழுங்கை அடைந்த ஊர்களின் ரகசியத்தை ஆராய்ந்தார். டோக்கியோவின் டாய்கன்யாமாப் பகுதியில் அசாகுரா குடும்பத்தார் தங்கள் நிலத்தை அவரிடம் ஒப்படைத்தபோது, 1969-ல் முதல் கட்டடம் எழுந்தது. பிறகு அவசரமின்றி, ஒவ்வொரு கட்டமும் முன்னதிலிருந்து பாடம் கற்று, 1992 வரை வேலை நீண்டது. ஹில்சைடு டெரஸ் என்னும் அவ்விடத்தில் வீடுகளும் கடைகளும் கலைக்கூடங்களும் கலந்து நிற்கின்றன. சாலையோரத்துக் கட்டடங்கள் மனிதன் அண்ணாந்து பார்க்காத உயரத்தில் அடங்கியிருக்கின்றன. வளாகத்துக்குள்ளிருந்த புராதனமான ஒரு சமாதி மேடும் அதன்மேல் வளர்ந்த மரங்களும் அகற்றப்படாமல் முற்றத்தின் அங்கமாகிவிட்டன. உடையவர்களும் அங்கேயே வசித்து அதைப் பராமரித்தார்கள். மெட்டபாலிஸ்டுகள் வாக்களித்த வளர்ச்சியையும் மாற்றத்தையும் மெய்யாகக் காண விரும்புகிறவர் போக வேண்டிய இடம், என் அபிப்பிராயத்தில், இதுதான்.

டாங்கேயின் நேர்கோட்டு நகரம் வளைகுடாவில் எழவில்லை. 1997-ல் திறக்கப்பட்ட அக்வா லைன் என்னும் 15 கிலோமீட்டர்ப் பாதை, ஒரு பகுதி சுரங்கமாகவும் மறு பகுதி பாலமாகவும் இரு கரைகளையும் இணைக்கிறது. அதன்மேல் எவரும் வசிக்கவில்லை. ஆனால் அவருடைய நகரத்தின் ஆசை உலகைவிட்டுப் போய்விடவில்லை. 2021-ல் அறிவிக்கப்பட்ட சவுதி அரேபியாவின் ‘தி லைன்’, 170 கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் 500 மீட்டர் உயரமுமாக, 90 லட்சம் பேருக்கென்று பாலைவனத்தில் வரையப்பட்டது. அங்கே வெறும் மணல் என்று கருதப்பட்ட நிலத்தில் ஹுவைத்தாத் பழங்குடியினர் வாழ்ந்திருந்தார்கள், அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

டோக்கியோவோ வேறொரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. 1964 ஒலிம்பிக் பந்தயங்களுக்காக, ஜப்பானின் சாலைகளுக்கெல்லாம் தூரம் அளக்கும் தொடக்கப் புள்ளியான நிஹோன்பாஷிப் பாலத்தின் தலைக்கு மேலாகவே 1963-ல் ஒரு மேம்பாலச் சாலை போடப்பட்டது. நிலம் வாங்க அவகாசமில்லாமையால் ஆறுகளின் மேலும் கால்வாய்களின் மேலும் சாலை அமைத்த காலம் அது. 1911-ல் கட்டிய கற்பாலம் இருளில் மூழ்கிற்று. அவ்வட்டாரத்து வர்த்தகர்களும் வாசிகளும் 1968-ல் பாலத்தைக் காக்க ஒரு சங்கம் அமைத்து, பாலத்தை ஆண்டுதோறும் கழுவிச் சுத்தம் செய்துகொண்டும், மேம்பாலத்தை அகற்றும்படி மனுக் கொடுத்துக்கொண்டும் வந்தார்கள். தலைமுறைகள் கடந்து அரசாங்கமும் நகராட்சியும் சாலை நிறுவனமும் இணங்கி, அப்பாதையைச் சுரங்கமாக்கும் வேலை இப்போது நடைபெறுகிறது. 2035-ல் சுரங்கத்தைத் திறந்து, 2040-க்குள் மேம்பாலத்தை அகற்றி முடிப்பது திட்டம்.