உங்களுக்குத் தெரியுமா? திருடன் திருந்தினால்...

● 1915இல் வந்த அமெரிக்க ஊமைப்படம் ‘ஏலியஸ் ஜிம்மி வாலன்டைன்’. இரும்புப் பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ஒருவன், சிறையிலிருந்து வெளிவந்து, பெயரை மாற்றிக்கொண்டு வங்கியிலேயே வேலை பார்க்கிறான். ஒருநாள் வங்கிப் பெட்டக அறையில் ஒரு சிறுமி மாட்டிக்கொள்கிறாள். திறக்கத் தெரிந்தவன் அவன்தான். திறந்தால் குட்டு உடையும்; துப்பறிபவர் பக்கத்திலேயே நிற்கிறார்!

● மூலக்கதை ஓ. ஹென்றி 1903இல் எழுதியது. வங்கிப் பணக் கையாடல் வழக்கில் அவரே 1898 முதல் 1901 வரை ஒஹாயோ சிறையில் இருந்தவர். அங்கே இரவு நேர மருந்தாளர் வேலை. கதை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்?

● படத்தின் சில காட்சிகளை நிஜமான சிங்சிங் சிறையிலேயே எடுத்தார் இயக்குநர் மோரிஸ் டூர்னர்.

● 1920களில் இத்தகைய குற்றப்படங்கள் என்றாலே சிங்கப்பூர்த் தணிக்கையாளர்களின் கத்தரி கூர்மையாகிவிடும். வெள்ளைக்காரர் திருடுவதை உள்ளூர்க்காரர் பார்த்தால் பிரிட்டிஷ் ஆட்சியின் மதிப்பு என்னாவது என்ற கவலை!

● வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்சி இந்த ஊரைக் கட்டியெழுப்பியதே கைதிகளை வைத்துத்தான். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து மதராஸ் கைதிகள் 80 பேர் வந்து இறங்கினார்கள். வங்காளக் கைதிகள் பின்னாலேயே வந்தார்கள். பிராஸ் பசா சிறையில் அவர்களை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். நன்னடத்தை காட்டியவர் படிப்படியாக மேலேறி, பியூன், தண்டல் என்று சக கைதிகளுக்கே காவலரானார். முதல் வகுப்பை எட்டியவர் சிறைக்கு வெளியே தங்கிச் சம்பாதிக்கலாம். இந்த ஏற்பாட்டைப் பற்றி, கைதிகளின் பொறுப்பதிகாரியாக இருந்த மெக்நேர் 1899இல் ஒரு புத்தகமே போட்டார். கைதியை நம்பிக் கைதியை ஒப்படைக்கும் துணிச்சல் எந்தத் திரைக்கதைக்கும் குறைந்ததில்லை.

● 1861இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தக் கைதிகளின் கைவேலை. சுவரின் வெண்பூச்சு நம்மூர் மதராஸ் சுண்ணாம்புச் சாந்து: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இஸ்தானாவும் அவர்கள் கட்டியதே.

● தேக்காவுக்கு இன்று காய்கறி வாங்கப் போகும் சிராங்கூன் ரோட்டில்தான் 1858இல் கைதிகளின் செங்கல் சூளை இருந்தது. அந்தச் செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது.