செக்கரியாவின் எழுத்துப்பலகை

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், குழந்தைக்கு என்ன பெயர் என்று உறவினர்கள் செக்கரியாவிடம் சைகையால் கேட்கிறார்கள். வானதூதர் அவரிடம் சொன்னது, பேச இயலாதிருப்பாய் என்பதுதான். காதும் கேட்கவில்லையா என்று விளக்கவுரையாளர்கள் விவாதிப்பதுண்டு. நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால், வாய் பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று உறவினர்களே முடிவுகட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். பக்கவாதத்தால் வலக்கையும் பேச்சும் இழந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனபோது, கட்டிலருகே நின்றுகொண்டே, "ஐயா சாப்பிடுகிறாரா? ஆள் அடையாளம் தெரிகிறதா?" என்று மனைவியிடம் கேட்டோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதுவே. அங்கே இரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, வலக்கையோடு பேச்சும் போகலாம். போவது அறிவு அல்ல. சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடினமாகிறது. பலருக்கு நன்றாகவே புரிகிறது, சொல்தான் அகப்படுவதில்லை. 'ஆம்' என்று நினைத்து 'இல்லை' என்பார்கள். எழுத்தும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால், செக்கரியாவுக்குக் கொடுத்ததுபோல் பலகையைக் கொடுத்தால் மட்டும் போதாது.

சுவீடன் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் இப்படி நேர்ந்தது. அவர் சொல்ல வருவதை மனைவி மோனிகா பிறருக்கு எடுத்துச் சொன்னார். இடக்கையால் பியானோ வாசித்தார், 1996-இலும் 2004-இலும் கவிதை நூல்கள் வெளியிட்டார். 2011-இல் நோபல் பரிசு பெற்றார்.

முதல் மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். ஆகவே பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடக்கூடாது. ஆண்டுகள் கழித்தும் சொற்கள் திரும்புவதுண்டு. வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் கேட்க வேண்டும். கத்த வேண்டாம். அவருடைய சொல்லை நாமே முடித்துவைக்கவும் வேண்டாம். காத்திருப்பதுதான் கடினம், நமக்கு.

இன்னொன்று: தண்ணீர் கேட்கச் சொல் வராதவர்கூட, மனப்பாடமான செபத்தைத் தடையின்றிச் சொல்லக்கூடும். நடிக்கிறார் என்று வீட்டார் ஐயப்பட வேண்டாம். பழகி ஊறிய சொற்கள் மூளையில் வேறு வழியாக வருகின்றன.

அடுத்த முறை முக்காலி போட்டு அவர் எதிரே அமர்ந்தோம். செபமாலை தொடங்கியதும் அவரும் சேர்ந்துகொண்டார். நாங்கள் புதிய தமிழில் சொல்ல, அவர் சிறுவயதில் படித்த பழைய தமிழில் சொன்னார். அவருக்காக நாங்களும் பழையதற்கு மாறினோம். புறப்படும்போது அவர் மனைவி ஒன்று கேட்டுக்கொண்டார்: இனி இருவராக மட்டும் வாருங்கள், பலர் பேசினால் களைத்துப்போகிறார்.