உங்களுக்குத் தெரியுமா? குளிரில் நடை தளரும் ஒலி

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில், மே மாதத்து 40 டிகிரி வெயிலில் ஒரு குக்கர் விசில் விநாடிக்குச் சுமார் 355 மீட்டர் ஓடும். ஜனவரி விடியலின் 5 டிகிரியில் 334தான். ஆனாலும் பக்கத்துச் சரோஜினி நகர் ரயிலின் ஹாரன் குளிர் இரவில்தான் தலைமாட்டில் ஊதுவதுபோல் கேட்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து தரைக்கே திரும்பிவிடுகிறது.

இதைவிட வியப்பு செவ்வாயில்! பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மைக் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான முடிவு: அங்கே ஒலிக்கு இரண்டு வேகம். கனத்த ஒலி விநாடிக்குச் சுமார் 240 மீட்டர். கீச்சொலி அதைவிடப் பத்து மீட்டர் கூடுதல். கரியமில வாயு நிறைந்த மெல்லிய காற்றே காரணம். அங்கே எட்டி நின்று கச்சேரி கேட்டால், மிருதங்கத் தொப்பியின் 'தொம்' வருவதற்கு ஒரு கணம் முன்பே வயலின் வந்துவிடும்.